எழுதியவளிடம் திரும்பாத தாள்

நசீமா அக்கா, என் பிரியமான அக்காவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. இதற்கு முன் இரண்டு முறை எழுத உட்கார்ந்தேன். சொல்ல ஒன்றும் இல்லையென்று எழுந்துவிட்டேன். இப்போது செய்தி இருக்கிறது. நல்ல செய்தி இல்லை.

நம் சட்டக் கல்லூரியில் முதலாமாண்டுக்கு ‘சட்டம், அறம், நீதி’ பாடத்தை இந்த வருடம் இரண்டு பிரிவுக்கும் நானே எடுக்கிறேன். பக்கத்து அறையிலிருந்து உங்கள் சிரிப்பு வருவதில்லை. என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறது.

நாம் இருவரும் சேர்ந்து யோசித்த பயிற்சியைத்தான் முதல் வாரம் கொடுத்தேன். வீட்டில் நடந்த ஒன்றை எழுத வேண்டும். அதில் சட்டம் என்ன சொல்கிறது, மனசாட்சி என்ன சொல்கிறது, நியாயம் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். படித்து முடித்ததும் தாள் எழுதியவர் கைக்கே திரும்ப வேண்டும் என்பது உங்கள் விதி. “நாம படிக்கலாம் அம்மணி, வச்சுக்கக் கூடாது. அது அவங்க ஊட்டுச் சமாச்சாரம்” என்பீர்கள்.

வழக்கமான கேள்வி இந்த வருடமும் வந்தது. “மேம், எங்க ஊர்ல நாயம்னா சும்மா பேசிட்டு இருக்கறதுங்க. ‘என்ன நாயம்’னா என்ன சேதின்னு அர்த்தம். நாயம் பேசறதுக்கு அஞ்சு வருசம் படிக்கோணுங்களா?” வகுப்பே சிரித்தது. நீங்களாக இருந்தால், “கோர்ட்டுலயும் அதேதான் கண்ணு, கறுப்புக் கோட்டு போட்டுட்டுப் பேசுவாங்க” என்றிருப்பீர்கள். எனக்கு அதெல்லாம் வராது. போர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பல்லடம் பக்கத்துப் பெண் ஒருத்தி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். பெயர் வேண்டாம். அப்பாவின் தங்கை, அதாவது அவளுடைய அத்தை, பத்திர ஆபீசில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாளைப் பற்றி. குடும்ப நிலத்தில் தனக்குப் பங்கு வேண்டாமென்று அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த நாள். இந்தப் பக்கம் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான்.

“பத்திரம் சட்டப்படி செல்லும். அப்பா கெட்டவர் இல்லை. அத்தைக்குக் கல்யாணம் செய்து வைத்தவர். ஆனால் உனக்கு வேண்டுமா என்று அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு கையெழுத்துப் போட்டுப்போடு அம்மணி என்று மட்டும் சொன்னார்கள். அத்தை ‘சரிங்கண்ணா’ என்றார். மறுக்காமல் இருப்பதற்குப் பெயர் சம்மதமா?” என்று முடித்திருந்தாள்.

ஒப்பந்தச் சட்டம் படித்து முடித்தவர்கள்கூட இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த மகிழ்ச்சியில் பெயர் சொல்லாமல் வகுப்பில் வாசித்துவிட்டேன். அவள் ஊர்ப் பெண் ஒருத்திக்கு இது யார் வீட்டுக் கதையென்று தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் அவள் அப்பா கல்லூரிக்கு வந்து நின்றார்.

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

“ஏனுங்க டீச்சர், ஊட்டு நாயத்தை எதுக்குங்க காலேஜுல பேசிக்கிட்டு?”

இதுவும் பாடம்தான் என்றேன்.

“இருக்கட்டுங்க. நான் தப்புச் சொல்லலீங்க. அந்தப் பேப்பரை மட்டும் ஒருக்காக் குடுங்க, பார்த்துப்போட்டுத் தாரேன்.”

கொடுத்துவிட்டேன், அக்கா. மிரட்டியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அத்தனை ‘ங்க’வுக்கு நடுவில் முடியாதென்று சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை. நின்றபடியே படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “புள்ளைய ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க, வாரேன்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். இருபது வருடத்துக்கு மேல் அறம் பற்றிப் பேசியவளுக்கு, “பேப்பரைக் குடுத்துட்டுப் போங்க” என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் அவள் வந்து, “மேம், என் பேப்பர்?” என்றாள். உங்க அப்பாகிட்ட என்றேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். “சரிங்க மேம்.” அந்த ‘சரிங்க’வை நான் ஏற்கெனவே அவள் எழுத்தில் படித்திருந்தேன்.

அடுத்த பயிற்சியை ஃபோனில் இருக்கும் ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். ‘நீதி என்பது சமூகத்தின் அடித்தளம்’ என்று தொடங்கியது. ஒரு பிழை இல்லை. அவளும் அதில் இல்லை. என்ன மதிப்பெண் போடுவது?

துறைத்தலைவருக்கும் சேதி போயிருக்கிறது. “எதுக்குங்க மேடம் வம்பு? நியாயத்துக்கும் நோட்ஸ் குடுத்துருங்க, மனப்பாடம் பண்ணிக்கட்டும்” என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கு அலுத்துவிட்டது, அக்கா. அவரைவிட என்மேல்தான் அதிக அலுப்பு.

போன வாரம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நான் செய்தது தப்பு என்றேன். சாக்கு எதுவும் சேர்க்கவில்லை. “பரவாயில்லைங்க மேம்” என்றாள். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இதை உங்களுக்குக் கடிதமாக எழுதிப் பத்திரிகையில் போடலாமா, நாலு பேர் படிப்பார்கள் என்று கேட்டேன். உடனே சரி என்று சொல்லாதே, யோசித்துச் சொல் என்றேன்.

நான்கு நாள் கழித்து வந்தாள். “எழுதிக்குங்க மேம். ஆனா அன்னைக்குப் பத்திர ஆபீசுக்கு வெளிய நடந்ததுன்னு ஒண்ணு எழுதியிருந்தேன்ல? அது வேண்டாம். அது அத்தையோடது.”

இந்த முறை அவள் சொன்ன ‘வேண்டாம்’இல் ‘ங்க’ இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆகவே அது இங்கே இல்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். நோட்ஸ் கொடுக்க மாட்டேனென்று துறைத்தலைவருக்கு எழுத்தில் கொடுப்பேன். பல்லடத்துக்குப் போய் அந்தத் தாளைக் கேட்பேன். அவர் கிழித்துப் போட்டிருக்கலாம். இருந்தாலும் கேட்பேன், மறுபடி கும்பிட்டு அனுப்பினாலும் வாசலிலேயே நிற்பேன்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
கலாமணி