மாம்பழச் சூடு

காலையில் மண்டியில் வைக்கோலை விலக்கினேன். பாதாமி மாம்பழம் பழுத்த வாசனை முகத்தில் அடித்தது. பழம் நாளைக்குத் தாங்காது, இன்றைக்கே தள்ளிவிட வேண்டும், வியாபாரத்தில் அதற்கு அவ்வளவுதான் அர்த்தம். ஆனாலும் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. நீங்கள் வந்து பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது.

உகாதி கழிந்து முதல் பழம் இறங்கினால் உங்களுக்கு வயிறு கெடும். கோலார் பக்கத்துக் கோரமண்டல் ஸ்டேஷனில், வேலைக்குப் போகப் பெங்களூரு ரயிலுக்கு வெறும் வயிற்றோடு நிற்பீர்கள். கால் வைக்க இடமில்லாத பெட்டி. அவசரம் என்றால் கக்கூஸ் வரை போய்ச் சேர முடியாதே என்று பயம். ரத்தம் போகிறது என்று என்னிடம் சொன்னதுகூடச் சிரித்துக்கொண்டுதான். "மாம்பழக்காரியைக் கட்டிக்கினேன் இல்ல, சூடு புடிக்காம இன்னா பண்ணும்?"

இங்கே கோடையில் எது வந்தாலும் சூடுதானே. வெந்தயம் ஊறிய மோர் கொடுத்தேன். வீட்டுக்குப் பழம் கொண்டுவருவதை நிறுத்தினேன். மழை இறங்கியதும் வயிறு அடங்கும், கன்னத்தில் சதை திரும்பும். "பாத்தியா, சீசன் முடிஞ்சா பூடுது" என்பீர்கள். சீசனை நம்பிப் பிழைக்கிறவள் நான், நம்பாமல் இருப்பேனா? வருஷா வருஷம் இருவரும் மழைக்குக் காத்திருந்தோம். ஒரு வருஷம் மழை வந்தது, ரத்தம் நிற்கவில்லை. பெருங்குடலில் புண் என்று டாக்டர் வியாதிக்குப் பெயர் சொன்னபோது வைத்தியத்தைத் தாங்க உங்கள் உடம்பில் வலு இல்லை; அந்த மழையிலேயே போய்விட்டீர்கள்.

இந்தக் கோடையில் நம் மகன் பாதிச் சோற்றில் எழுந்தான். "ரத்தம் போவுதும்மா. மாம்பழச் சூடு. மழை வந்தா சரியாப்பூடும்." உங்கள் குரலேதான். மண்டி வாசலில் பழ லாரி நின்றிருந்தது. பக்கத்துக் கடைக்காரரிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவனைக் கோலார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன்.

"லோடு அழுகிடும்மா!"

"அழுவட்டும். ஏறுடா பஸ்ல."

டாக்டரம்மாவிடம் முதல் கேள்வியே அதுதான்: "இந்த வியாதிக்கு சீசன் உண்டாம்மா?"

"சிலருக்குக் குறிப்பிட்ட மாசத்துல ஆரம்பிக்கிற மாதிரி தெரியுது. ஊருக்கு ஊர் மாறுது, உறுதியா சொல்ல முடியல. பழத்து மேல பழி போடாதீங்க. ரத்தம் வந்தா எந்த மாசமானாலும் உடனே வாங்க."

கேமரா குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதே புண்தான், ஆனால் கொஞ்ச இடத்தில்தான். மாத்திரைக்குக் கேட்கிறது. அவன் முழுச் சோறும் சாப்பிடுகிறான்.

நேற்று முதல் மழை. தகரத்தில் அது விழ விழ, "பாத்தியா" என்று நீங்கள் சொல்வது காதில் கேட்டது. எழுந்து போய் அவனிடம் மாத்திரையை நீட்டினேன்.

"நல்லாத்தாம்மா இருக்கேன்."

"நல்லா இருக்கறப்பவும் போடணும்டா."

அவன் முழுங்கும்வரை நான் மழைப் பக்கம் திரும்பவில்லை.