ஜெனிலா அத்தையின் பாட்டுக்கு ஒரு நல்ல டிஸ்க்

பிரையண்ட் நகர்,
தூத்துக்குடி.

அன்பு மகன் செந்தூர்வேலுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், அங்கே ஹாம்பர்க்கில் நீயும் குளிருக்கு அடக்கமாகப் போர்த்திக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்றுதான் விளக்கு ஏற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே வீடியோவில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். பார்சலுக்குள் ஒரு டிஸ்க் இருக்கிறதல்லவா, அதன் கதையைப் போனில் ஆரம்பித்தால் மீட்டிங் இருக்கிறது அம்மா என்று பாதியில் ஓடிவிடுவாய், எழுதினால் முழுக்கப் படித்துத்தானே ஆக வேண்டும். இங்கே காற்றுக்காலம் ஆரம்பித்துவிட்டது, கொடியில் போட்ட அப்பாவின் வேட்டி பறந்து போய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் உட்கார்ந்துகொண்டது, அதை இறக்க அவர் கடைக்கயிற்றையே கொண்டுவந்து வீசிப் பார்த்தார். கயிறு வியாபாரம் பண்ணுகிற மனுஷன், ஒரு வேட்டியைப் பிடிக்க முடியவில்லை. அவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் நடக்கப் போகலாம் என்றால் மட்டும் வலி வந்துவிடுகிறது. அதனால் கடற்கரைக்கு எப்போதும் போல நானும் ஜெனிலா அத்தையும்தான் போகிறோம்.

அத்தைக்குக் கழுத்தில் கட்டி என்று உனக்கு மேலோட்டமாகச் சொல்லியிருந்தேன். தைராய்டுக் கட்டிதான், பயப்படுகிற மாதிரி இல்லை, ஆனாலும் எடுத்துவிட வேண்டும் என்று மதுரை டாக்டர் சொன்னார். பக்கத்திலேயே குரலுக்கான நரம்பு ஓடுகிறதாம், கவனமாகத்தான் செய்வோம், இருந்தாலும் குரல் கொஞ்சம் மாறிப்போக வாய்ப்பு உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மாதா கோயில் பாடகர் குழுவில் இத்தனை வருஷம் முன்வரிசையில் நின்று பாடுகிறவள், அவளிடம் போய் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும். கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டே, "ஏளா முருகேசு, கழுத்துல கத்தி வைக்கதுக்கெல்லாம் எனக்குப் பயமில்ல பாத்துக்கோ. எந்திரிச்ச பொறவு வேற எவளோ தொண்டையில இருந்து பேசுன மாதிரி இருந்தா என்னளா செய்ய" என்று கேட்டாள். அப்படியானால் போவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பாடிப் பதிந்து வைத்துவிடுவோம் என்றேன். அவளுக்கு முகம் வெளிச்சமாகிவிட்டது. தன் வீட்டுக்காரர் டேவிட்சன் மாமாவுக்கு ஒரு டிஸ்க்காகப் போட்டுக் கொடு, நான் ஆஸ்பத்திரியில கெடக்கும்போது அவுக கார்ல கேட்டுக்கிட்டு வரட்டும் என்றாள். மாமாவின் காரில் டிஸ்க் போடுகிற பழைய பெட்டிதான் இருக்கிறது. போனில் கேட்கலாமே என்றால், பாட்டு நடுவில் எவனாவது லோன் வேணுமா சார் என்று வாரான், அந்தச் சனியனே வேண்டாம் என்று சொல்லுகிற ஆள் அவர்.

உன் அறையில்தான் பதிந்தோம். ஜன்னலைச் சாத்தி, போர்வைகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உன் பழைய லேப்டாப்பின் முன்னால் அவளை உட்கார வைத்தேன். வியர்த்துக் கொட்டியது. ஒரு பாட்டின் நடுவில் மீன்காரரின் ஹாரன் வந்தது, இன்னொன்றில் பக்கத்து வீட்டு மிக்ஸி. கோயில் பாட்டு, கிறிஸ்துமஸ் தாலாட்டு, நாங்கள் இரண்டு பேரும் வாயசைக்கிற சினிமாப் பாட்டு எல்லாம் பாடினாள். கடைசியாக மாமாவைக் கேலி பண்ணி அவளே இட்டுக்கட்டிய பாட்டைப் பாடினாள், உனக்கும் தெரியும், மாமா டக் போட் என்கிற இழுவைப் படகில் கேப்டனாக இருந்து மலை மாதிரிக் கப்பலையெல்லாம் துறைமுகத்துக்குள் இழுத்து வருகிறார், ஒரு காய்கறிப் பையைத் தூக்கி வீடு சேர்க்க மட்டும் மூச்சு வாங்குகிறார் என்று போகுமே, அது.

இனிமேல்தான் உன் அப்பாவின் திருவிளையாடல். டிஸ்க் வாங்கி வாருங்கள் என்றேன், முதலில் டிவிடி வாங்கிவந்தார். எல்லாம் வட்டமாத்தானே இருக்கு என்கிறார். மாமாவின் கார்ப் பெட்டி அதை உள்ளே இழுத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டது. மறுபடி போய் நடைபாதையில் குவித்து விற்ற சிடியில் ஒரு கட்டு அள்ளி வந்தார். மேலே பெரிய கம்பெனி பெயர் மாதிரியே இருந்தது, கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் நடுவில் ஓர் எழுத்து வேறு. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லேப்டாப்பில் இருப்பதிலேயே அதிக வேகத்தை வைத்துப் பாட்டுகளை அதில் எழுதி முடித்தோம், அப்பா கடைப் பில் எழுதுகிற மாதிரிப் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி "ஜெனிலா பாடியது" என்று அதன் முதுகில் எழுதி, போதாதென்று ஒரு மாதா ஸ்டிக்கரும் ஒட்டினார். காரில் போட்டோம், அருமையாகப் பாடியது. மாமா வண்டியை எடுக்காமல் எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து முழுவதும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டியில் கெடுதல் ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது, அதற்கே திருச்செந்தூருக்கு நான் ஒரு நடை போய்வந்தேன், அவர்கள் பனிமய மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஆனால் டாக்டர் சொன்னது போலவே குரல் மாறிவிட்டது. முதலில் காற்றாகத்தான் வந்தது, பிறகு கரகரப்பாக, ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத மாதிரி. நரம்பு வீங்கியிருக்கிறது, போகப் போகத் தெளியும், மேல் சுருதி திரும்புமா என்பதை மட்டும் இப்போது சொல்ல முடியாது என்றார்களாம். அத்தை பேசினாள், சிரித்தாள், மாமாவை விரட்டினாள், எல்லாம் பழையபடிதான், பாடுவது மட்டும் இல்லை. பூசைக்குப் போனால் வாயைத் திறக்காமல் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று மாமா சொன்னார்.

அந்த நேரம் பார்த்து டிஸ்க் படுத்துவிட்டது. மதுரை வெயிலில் காரின் முன்கண்ணாடிக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது, திரும்பி வரும் வழியிலேயே தாண்டித் தாண்டிப் பாடியதாம், வீட்டுக்கு வந்து போட்டால் டிஸ்க்கே இல்லை என்று பெட்டி சொல்கிறது. மாமா ஓடி வந்து, "அக்கா, லேப்டாப்புல இருக்குமில்லா" என்று கேட்டார். லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று அந்த வாரம்தான் அப்பா ரிப்பேர் கடையில் கொடுத்திருந்தார், அந்தக் கடைக்காரன் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக்கிக் கொடுத்துவிட்டான். நான் இல்லை என்று சொல்லவேண்டிய தேவையே வரவில்லை, என் முகத்தைப் பார்த்தே மாமா புரிந்துகொண்டார். சரிக்கா என்று சொல்லிவிட்டு டிஸ்க்கை என் கையில் கொடுத்தார், அவளுக்கு இப்பம் தெரிய வேண்டாம் என்றார். அவர் போன பிறகு அப்பா சாப்பிடவே இல்லை. அதைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் நான் வேலை பார்த்த கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுக்கு அதை எடுத்துப் போனேன். அங்கே எஸ்றா, என் நாற்காலியில் இப்போது அவர்தான் இருக்கிறார், பழைய கம்ப்யூட்டர்கள் எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். ஒன்று படிக்காத டிஸ்க்கை இன்னொன்று படித்தாலும் படிக்கும் மேடம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மூலையில் கிடந்த ஒரு கிழட்டுப் பெட்டி கிர்ர் கிர்ர் என்று முனகிக்கொண்டு மெல்ல மெல்ல இழுத்தது. முதல் பாட்டு வந்தது. அடுத்ததும் வந்தது. சரக்குச் சீட்டு வாங்க வந்த லாரிக்காரர்கள் எல்லாம் தாலாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எல்லாம் வந்தன, கடைசிப் பாட்டு மட்டும் வரவில்லை. டிஸ்க்கில் பாட்டு உள்வட்டத்தில் ஆரம்பித்து வெளியே போகுமாம், கெடுவது பெரும்பாலும் வெளி ஓரத்தில்தான் ஆரம்பிக்குமாம். போனது மாமாவைக் கேலி பண்ணுகிற அந்தப் பாட்டுத்தான்.

இந்த முறை டிஸ்க் வாங்க நானே போனேன், அப்பா பின்னால் பையோடு வந்தார். நீ காலேஜில் படிக்கும்போது எழுதிய ஒரு சிடி அலமாரியில் கிடந்தது, அது இன்றைக்கும் பாடுகிறது, அது எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு அதே மாதிரி கேட்டேன். உனக்கும் சொல்லி வைக்கிறேன், எப்போதாவது உதவும். ஒரு தடவை மட்டும் எழுதுகிற சிடி-ஆர்தான் வாங்க வேண்டும், அழித்து அழித்து எழுதுகிறதைப் பழைய பெட்டிகள் பல மதிப்பதில்லை. சீல் பிரிக்காத கட்டாக இருக்க வேண்டும், கம்பெனி பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார், ஊசித்துளை மாதிரிப் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் வந்தால் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடு, ஓரம் பிசிறாக இருந்தாலும் அப்படித்தான். விலை குறைவு என்று உன் அப்பா மாதிரி அள்ளாதே. எழுதும்போது அவசரப்படாமல் குறைந்த வேகம் வை, எம்பி3 ஆக இல்லாமல் ஆடியோ சிடியாகவே எழுது, முடிந்ததும் வேறு ஒரு பெட்டியில் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் போட்டுக் கேள். மேலே எழுத மெத்தென்ற மார்க்கர், அதுவும் நடுவில் உள்ள வெறும் வளையத்தில். ஸ்டிக்கர் கூடவே கூடாது, சாமி படமாக இருந்தாலும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு டிஸ்க்கை மட்டும் நம்பி மூலத்தை விட்டுவிடாதே. இப்போது எஸ்றாவிடம் ஒரு நகல், பென் டிரைவில் ஒன்று, உனக்கு ஒன்று என்று பரப்பி வைத்துவிட்டேன்.

புது டிஸ்க்கில் எழுதுவதற்கு முன்னால் அத்தையிடம் சொல்லித்தானே ஆக வேண்டும், நம் வீட்டுக்கு வரச் சொன்னேன். மாமாவும் காய்கறிப் பையோடு கூடவே வந்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள், அந்தப் பாட்டுத்தான் போய்விட்டது என்றதும் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர், பரவாயில்ல ஜெனிலா, மத்ததெல்லாம் இருக்குல்லா என்றார், சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. அத்தை கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே, "வேற எது போனாலும் போவட்டும், இவுகள நக்கலடிக்கத நான் விட்டுர முடியுமா. போடுளா மைக்க" என்றாள். ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை. முதல் வரி நன்றாக வந்தது, மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது. நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். அவள் கையைக் காட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்னும் கீழே இறக்கி, பாதி பாட்டும் பாதி பேச்சுமாகத் திரும்ப ஆரம்பித்தாள். காய்கறிப் பை வருகிற இடத்தில் மாமா சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பும் பதிந்துவிட்டது, பிறகு அதைக் கேட்ட எஸ்றா வெட்டித் தருகிறேன் என்றார், அத்தைதான் கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் பாடினாளாம், இனிமே நான் ஆம்பளைங்க வரிசையில நிக்கேன், அங்கனதான் என் சுருதி இருக்கு என்று பாடகர் குழுவையே சிரிக்க வைத்திருக்கிறாள்.

டிஸ்க்கோடு மக்ரூனும் வைக்கலாம் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார், பாட்டின் மேல் முந்திரித்தூள் படும் என்று நான் தனிப் பொட்டலமாகக் கட்டியிருக்கிறேன். உன் வீட்டுக்காரப் பாட்டியம்மாவுக்கும் கொடு, அவர்களுடைய பாட்டுப் பெட்டியில்தானே கேட்கப் போகிறாய். அத்தைக்கு ஒரு போன் போட்டுப் பேசு, குரல் எப்படி இருக்கிறது என்று கேட்காதே, என்ன சமைத்தாய் என்று கேள். நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் மனம் நிறைந்து நீ இருக்க அந்தச் செந்தூரான் துணை இருக்கட்டும், அப்பாவும் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், கடைசிப் பாட்டு கரகரவென்று வந்தால் டிஸ்க்கில் கீறல் என்று நினைத்துத் துடைக்கப் போகாதே. டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை, அது உன் அத்தையின் புதுக் குரல்.

பிரியமுள்ள அம்மா,
அ. முருகேஸ்வரி