ஒன்பதாவது வீட்டு முறை

நெய்வேலி டவுன்ஷிப்,
8.7.2018

அன்பு மகள் பொற்கொடிக்கு,

சித்தப்பா பன்னீர்செல்வம் உன் தலைமேல் கை வைத்து எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் சித்தி அம்சவல்லியும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு தும்மல் கூட இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் அது நடுவிலேயே பெரிதாகிவிடுகிறது, என் சுபாவம் உனக்கே தெரியும். பேனா பிடித்தால் கை வலிக்கிறது, அதனால் அதிகம் கூட்ட முடியாது, அதற்காகத்தான் கடிதம்.

சித்திக்கு முட்டி வலி, ஆனாலும் ஆஸ்பத்திரி டியூட்டிக்கு ஒருநாள் தவறுவதில்லை, பர்மனன்ட் வேலை என்றால் சும்மாவா, குவார்ட்டர்ஸ் அவள் பேரில் இருந்தாலும் பராமரிப்பு முழுக்க நான்தான். வாசல் பலா இந்த வருஷம் காய்த்த காய்ப்பைப் பார்த்துப் பண்ருட்டி மண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கி மரத்தைக் கும்பிட்டார். கும்பிட்டார் என்றால், அண்ணாந்து பார்த்தார், கை சேர்ந்துதான் இருந்தது. போன மாதம் மைன்ஸில் மண் வெட்டும் சக்கர எந்திரத்தைப் பழுது பார்க்க ஒரு ஜெர்மன்காரர் வந்திருந்தார், என் மகளும் உங்கள் ஊரில்தான் இன்ஜினியர் என்றேன், உடனே உன் பேரைச் சொல்லிவிட்டார் என்று என் பெயின்டிங் ஆட்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடு, என் மானம் உன் கையில்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆடியில் நம் காலேஜில் என் பதவியேற்பு விழா, நீதான் சீஃப் கெஸ்ட் என்று நான் சொன்னதை நம்பி லீவு போட்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டாய். அந்த விழா இல்லை மகளே. விழா மட்டும் இல்லை, காலேஜே இல்லை. மூடியாகிவிட்டது. உன் சித்தப்பா நான்தான் மூடினேன். இந்த நாலு வரியில் நான் எதையும் கூட்டவில்லை.

நீ படித்த காலத்தில் பெரியவர்கள் பஞ்சாயத்து உனக்கு அவ்வளவாகத் தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நம் தெருவுக்கு ஊர்க் கோயிலில் எந்த முறையும் கிடையாது, தூரத்தில் நின்று தேர் பார்த்த ஜனம் நாம். அதனால்தான் நமக்கென்று ஒரு மாரியம்மன் கோயில் கட்டி ஒன்பது வீட்டுக்கும் ஆளுக்கொரு நாள் திருவிழா என்று வைத்தார்கள், அன்றைக்கு அந்த வீட்டுக்காரன்தான் ராஜா, மறுநாள் அவனும் கூட்டத்தில் ஒருத்தன். காலேஜ் ஆரம்பிக்கிற காலத்தில் அந்த ஒன்பது வீடும் மைன்ஸ் கான்ட்ராக்டில் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது, நெடுமாறன் லாரி விட்டார், கருணாகரன் கேன்டீன் எடுத்தார், எனக்குப் பெயின்டிங், உன் அப்பா சக்கரபாணி மட்டும் பர்மனன்ட். அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற வீட்டுப் பிள்ளைகள் நம் சொந்தக் காலேஜில் இன்ஜினியர் ஆக வேண்டும் என்று யோசனை சொன்னதே உன் அப்பாதான். யார் சேர்மன் என்று பேச்சு வந்தபோது அவர் எழுந்து, "ஒருத்தன் நாற்காலியில ஒக்காந்துக்கினு மீதிப்பேரு கைகட்டிக்கினு நிக்கறதுக்கா இத்த ஆரம்பிக்கிறோம்? அதான் தலமுற தலமுறயா பாத்தாச்சே! கோயில் முறைதான் காலேஜிக்கும், வருஷத்துக்கு ஒரு வூடு" என்றார். நான் தட்டிய கைதட்டலில் மைக் செட்டே கத்திற்று. இன்றைக்கு யார் கேட்டாலும் அந்தப் பேச்சு சரி என்றுதான் சொல்வேன். நாங்கள்தான் காலேஜையும் திருவிழா மாதிரியே நடத்திவிட்டோம்.

திருவிழாவில் என்ன நடக்கும், முதல்நாள் உபயக்காரன் ஒரு செட் மேளம் வைத்தால் மறுநாள்காரன் இரண்டு செட் வைப்பான், அதற்கு மறுநாள் வாணவேடிக்கை. இங்கேயும் அதேதான். நெடுமாறன் தன் வருஷத்தில் வளைவு கட்டினார், கடலூர் பஸ்ஸில் வருகிறவனுக்கு வளைவு தெரிந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் காலேஜ் தெரியும். கருணாகரன் வருஷத்தில் கலர் லைட் போட்ட நீரூற்று. அடுத்தவர் ஏசி ஆடிட்டோரியம், அதற்கடுத்தவர் அதைவிட உயரமாக ஒரு பிளாக். உன் பிரின்சிபால் இசக்கிமுத்து சார் பாவம், உனக்குத் தெர்மோடைனமிக்ஸ் எடுத்த மனிதர், ஒவ்வொரு சித்திரையிலும் புதுசாக வந்த சேர்மனுக்கு அ ஆ-விலிருந்து சொல்லிக்கொடுப்பார், எத்தனை வாத்தியார் வேண்டும், லேபுக்கு என்ன வேண்டும், பல்கலைக்கழகத்துக்கு எதை எப்போது அனுப்ப வேண்டும் என்று. அது அந்த ஆளுக்குப் புரிகிற நேரத்தில் பங்குனி வந்துவிடும், சாவி கைமாறிவிடும். ஊற்றுக்குக் குழாய் பதிக்கும்போது அவர் கருணாகரனிடம், "அண்ணாச்சி, இது என்ன பாடமா எடுக்கப்போகுது? வாத்தியாருக்குச் சம்பளத்தப் போடுங்க, இல்லேன்னா ஒருத்தன் தங்க மாட்டான்" என்று கெஞ்சினார். அதற்குக் கருணாகரன், "வாத்தியாரு இன்னிக்கி இருப்பான் நாளைக்கிப் பூடுவான் சார், ஊத்துல எம் பேரு நிக்கும்" என்றார். பேர் நிற்கிறது, ஊற்றில்தான் தண்ணீர் இல்லை.

நம் வீட்டு முறை கோயிலிலும் கடைசி நாள், விடையாற்றி, அதனால் காலேஜிலும் கடைசி. உன் அப்பா உட்கார வேண்டிய நாற்காலி. அவர் நீ இரண்டாம் வருஷம் படிக்கும்போதே போய்விட்டார், முறை என் தலைக்கு வந்தது. எட்டாவது படித்த நான் காத்திருந்த காத்திருப்பை இந்த நெய்வேலியில் நிலக்கரி கூடக் காத்திருக்காது. ஒவ்வொருத்தர் பதவியேற்பிலும் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு என் வருஷத்தில் என்ன செய்வேன் என்று மனசுக்குள் கட்டுவேன், உன் அப்பா பேரில் ஒரு நூலகம், மாடியில் ஒரு கடிகாரம், அது அடித்தால் பண்ருட்டியில் முந்திரி உடைக்கிறவர்கள் சாப்பிடப் போவார்கள். சித்திரையில் சாவி வந்தது, விழாவை மட்டும் ஆடித் திருவிழாவோடு வைத்துக்கொண்டேன். வெள்ளைச் சட்டை தைத்தேன், மந்தாரக்குப்பத்தில் தலைவர் என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்தேன், உனக்குப் போர்த்தப் பொன்னாடை வாங்கினேன், உன் சித்தி, "தொரைக்கு மினுக்கு தாங்கல, வூட்டுக்குள்ள வர்றதுக்கு நானே பெர்மிஷன் கேக்கணும் போலக்கீது" என்று இடித்தாள்.

போய் நாற்காலியில் உட்கார்ந்தால், பாதி வகுப்பில் வாத்தியார் இல்லை. மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் எப்படி இருப்பார்கள். ஊரெல்லாம் இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகள் வேலை தேடி அலைகிற காலம், சேர்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள், கடனைக் கேட்டுப் பாங்கிக்காரர் மட்டும் தவறாமல் வருகிறார். இசக்கிமுத்து சார், "அண்ணாச்சி, முதல் வருஷத்துக்குப் பிள்ளைக வந்தாத்தான் மூச்சு" என்றார். இவ்வளவுதானா என்று பிளஸ்டூ ரிசல்ட் வந்த கையோடு காலேஜ் வேனை எடுத்துக்கொண்டு சேத்தியாத்தோப்பு, வளையமாதேவி என்று வீடு வீடாக ஏறினேன். என் வாய்க்கு முன்னால் யார் நிற்பது, நம் லேபைப் பார்த்துவிட்டு ஜப்பான்காரன் பொறாமையில் சாப்பிடவே இல்லை என்றேன், என் மகள் ஜெர்மனியில் ஒரு கம்பெனியையே நடத்துகிறாள் என்றேன்.

வளையமாதேவிப் பக்கம் ருக்குமணி என்று ஒரு அம்மா, நடவுக்குப் போகிறவள், புருஷன் இல்லை, ஒரே பெண் செவ்வந்தி, கணக்கில் நல்ல மார்க். நான் சொன்னதையெல்லாம் சேற்றுக்காலோடு நின்று கேட்டாள். கடைசியில், "அதெல்லாம் சரிங்கண்ணே. சேத்துட்டா வாத்தியாரு வருவாருங்களா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பொய் எனக்குச் சோறு மாதிரி, உனக்குத் தெரியும், வருவார் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தப் பெண் வேனில் ஏறியிருப்பாள். அந்த அம்மா முகத்தில் கேலி இல்லை, சந்தேகம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நம் தெருவில் பிறந்த ஒருத்தி கேட்கிற மாதிரியே இருந்தது. நான், "நம்ம காலேஜி வேணாம்மா, கடலூர்ல கவர்மென்ட் காலேஜில போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு வேனில் வந்து உட்கார்ந்தேன். டிரைவர் எங்கே போவது என்று கேட்டார், காலேஜுக்கே திருப்பச் சொன்னேன்.

ஒன்பது வீட்டையும் கோயிலில் கூட்டினேன். ருக்குமணி கேட்டதைச் சொன்னேன், மூடிவிடலாம் என்றேன். சந்தை இரைச்சல்தான். கருணாகரன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பன்னீரு, இந்த ஒரு வருஷத்த எப்டியாச்சும் ஓட்டு. அடுத்த சுத்து நெடுமாறன் வூட்லேருந்து ஆரம்பிக்கிது, அவரு பாத்துக்குவாரு. உம் முறையில ஏன்டா மூடற, காலத்துக்கும் மூடுனவன்னு உம் பேருதானே நிக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் கண்ணிலும் தண்ணீர். நெடுமாறன், "இத்தினி பேச்சு பேசுவியே, இதுக்கு ஒரு வழி பேசமாட்டியா" என்றார். நான், "ருக்குமணி கேட்டதுக்கு யாராச்சும் ஒருத்தர் பதில் சொல்லுங்க, நான் மூடல" என்றேன். கடைசியில் எட்டு வீடும் கையெழுத்துப் போட்டது. தீர்மானத்தில் என் ஸ்டாம்ப்பை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குத்தினேன். மை புதுசு, அவ்வளவு பளிச்சென்று விழுந்தது.

அப்புறம் மீதி இருந்த பிள்ளைகளுக்கு இடம் தேட வேண்டுமே, அதற்கு நானும் இசக்கிமுத்து சாரும் பழைய வேனில் காலேஜ் காலேஜாக ஏறி இறங்கினோம். அங்கெல்லாம் நான் வாயே திறக்கவில்லை, அவர்தான் பேசினார், நான் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். கட்டிய பீஸை வீணாக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டோம். எல்லோருக்கும் இடம் கிடைத்தது, கடைசி வருஷத்துப் பிள்ளைகள் உட்பட. பிள்ளைகள் பஸ் ஏறிய அன்று அந்த ஏசி ஆடிட்டோரியத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். உனக்கென்று வாங்கிய பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்தினேன், நீ கோபித்துக்கொள்ளாதே. அவர், "இது எதுக்கு அண்ணாச்சி இப்ப" என்று சொல்லிக்கொண்டே அதில் முகத்தைப் பொத்திக்கொண்டார். வளைவில் எட்டு வீட்டுப் பேரும் செதுக்கியிருக்கிறது, ஒன்பதாவதுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், கல் கொத்துகிறவர் போன் பண்ணினார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா பேரை அங்கே எழுதத்தான் நான் காத்திருந்தது, அதை நினைத்தால் சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது.

மகளே, நீ படித்த காலேஜ் இல்லாமல் போனதற்கு என்னை வெறுத்துவிடாதே. உன் சர்டிபிகேட்டுக்கு ஒன்றும் ஆகாது, அது பல்கலைக்கழகம் கொடுத்தது, இசக்கிமுத்து சார் உறுதியாகச் சொன்னார். டிக்கெட்டை மட்டும் ரத்து பண்ணாதே. சீஃப் கெஸ்டாக வேண்டாம், சும்மா வா. ஆடித் திருவிழாவில் விடையாற்றி நம் வீட்டு முறை. சின்ன வயதில் நான் அதற்காக அழுதிருக்கிறேன், நமக்கு மட்டும் ஏன் மேளம் இல்லை, கூட்டம் இல்லை, லைட்டையெல்லாம் கழற்றிவிட்டார்களே என்று. அதற்கு உன் அப்பா, "அம்மன ஊரெல்லாம் சுத்திக் காட்டறது யாரு வேணா செய்யலாம்டா, பூவெல்லாம் எடுத்துட்டு, பத்திரமா உள்ள கொண்டாந்து ஒக்கார வெக்கிறது நாமதான்" என்றார். அப்போது எனக்கு விளங்கவில்லை. இந்த வருஷம் உன் கையும் சேர்ந்து பூ எடுக்கட்டும்.

வரும்போது சித்தி முட்டிக்கு அந்த ஊர்த் தைலம் ஒன்று வாங்கி வா, போனமுறை கொண்டுவந்ததைத் தடவிக்கொண்டு அவள் மாடிப்படியில் ஓடினாள், ஓடினாள் என்றால் ஏறினாள். வேளாவேளைக்குச் சாப்பிடு. வேலை செய்கிற இடத்தில் யாராவது பின்னால் நின்று பயந்து பயந்து கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்லு. நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல், பேரும் பிள்ளையுமாக இருக்க அம்மன் துணை இருப்பாள்.

செய்த ஸ்டாம்ப்பை இரண்டாவது தடவையாக இந்தக் கடிதத்தில் குத்துகிறேன். இதோடு தூக்கிப் போட்டுவிடுவேன், சிரிக்காதே.

உன் சித்தப்பா,
பன்னீர்செல்வம்

தலைவர்
முத்துமாரி தெருவார் கல்வி அறக்கட்டளை