பால் லோரியில் போன அக்கா

செமோர்,
4.3.2024

அன்புத் தம்பி மகேந்திரனுக்கு,

அக்கா மங்களம் எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் எனக்கு ரேடியோ கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது. திட்ட வேண்டும் என்றுதான் எடுப்பேன், கடைசியில் சிரித்துவிட்டு வைப்பேன். முப்பத்தாறு வருஷமாக நாட்டையே அப்படித்தானே மயக்கி வைத்திருக்கிறாய். காகிதத்தில் உன் குரல் வராது. அதற்குத்தான் இது.

சனிக்கிழமை காலை உன் "லயத்துக் கதைகள்" கேட்டேன். "பால் லோரியில் போன அக்கா" என்று தலைப்பு. ஏண்டா, உனக்கு வேறு கதையே கிடைக்கவில்லையா? பேரை அஞ்சலை என்று மாற்றிவிட்டாயாம், பெரிய சாமர்த்தியம். இரண்டாம் டிவிஷன், ஒன்பதாம் நம்பர் வீடு, வாசலில் ரம்புத்தான் மரம் என்று மற்ற எல்லாவற்றையும் அப்படியே சொன்னாயே! நம் தோட்டத்தில் பேர் யாருக்கு வேண்டும்? வீட்டு நம்பரைச் சொன்னால் போதாதா? நிகழ்ச்சி முடிவதற்குள் மூன்று பேர் போன் அடித்துவிட்டார்கள். "அக்கா, அது நீங்கதானே லா?" என்று சிம்பாங் பூலாயிலிருந்து துளசி கேட்கிறாள். நீ படிக்கப் போன பிறகு லயத்துக்குக் குடிவந்தவள், நீ என் தம்பி என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

பத்தொன்பது வயதில், ரப்பர் பால் ஏற்ற வருகிற லோரிக்காரன் சன்னாசியோடு சித்தியவானுக்குப் போனேன். மூன்றாம் நாள் அப்பா இழுத்து வந்தார். விடியற்காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேர் முன்னாலும் வைத்து அடித்தார். எனக்கு அது சிரிப்புக் கதை இல்லை. அன்று நான் அழுத அழுகையை நீ வாயால் செய்து காட்டினாய். உன்னோடு பேசிக்கொண்டிருந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சித்தியவான் விலாசத்தை உன்னிடம் மட்டும்தான் கொடுத்துவிட்டுப் போனேன், அம்மாவுக்கு ஏதாவது ஆனால் மட்டும் சொல் என்று. அப்பாவிடம் சொன்னது நீதான், அதற்குப் பரிசாகத்தான் ஈப்போவிலிருந்து உனக்கு அந்தச் சின்ன ரேடியோ வந்தது, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நீ அறிவிப்பாளன் ஆனாய் என்பதையெல்லாம் நாற்பத்தெட்டு வருஷம் கழித்து நாட்டு மக்களோடு சேர்ந்து நானும் தெரிந்துகொண்டேன். சரி, உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதை விடு.

நான் கேட்பது ஒன்றுதான். இதோடு நிறுத்து. உன் மச்சானுக்கு இது எதுவும் தெரியாது. பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. பேச்சுதான் போனது, காது நன்றாகக் கேட்கிறது. பகல் பூராவும் தலைமாட்டில் உன் ரேடியோதான். நல்ல வேளை, சனிக்கிழமை மருந்து மயக்கத்தில் தூங்கிவிட்டார். அடிபட்டு நான் ஒரு மாதம் வீட்டில் கிடந்ததைக் கல்யாணம் பேசும்போது அம்மா எப்படி மறைத்தாள் என்று உனக்கு நினைவிருக்கும். மஞ்சள் காமாலை என்றாள். அதை நம்பித்தான் இந்த மனுஷர் படுக்கையில் விழுகிற வரைக்கும் மாதம் தவறாமல் கீழாநெல்லி பறித்து, அரைத்து, மோரில் கலக்கிக்கொண்டு வந்து நிற்பார். "குடி மங்களம், திரும்ப வந்துறப் போவுது" என்பார். வராத நோய்க்கு நாற்பத்து நாலு வருஷம் மருந்து குடித்திருக்கிறேன். ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அவர் மனசில் நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன். கெடுத்துவிடாதே.

அன்பு அக்கா,
மங்களம்


கோலாலம்பூர்,
11.3.2024

என் பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஸ்டூடியோவிலேயே பிரித்துப் படித்தேன். சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். என்ன எழுத்து அக்கா உன் எழுத்து! உன்னைப் போய் ஆறாம் வகுப்போடு நிறுத்திப் பால்வெட்டுக்கு அனுப்பினார்களே. நீ வெட்டிய பாலில்தான் நான் படித்தேன் என்பதை எந்த மேடையில் சொல்லாமல் விட்டிருக்கிறேன்?

கோபப்படாதே. பதினொரு வருஷத்தில் எந்தக் கதைக்கும் இப்படி ஒரு வரவேற்பு வந்ததில்லை. "அந்த அக்கா அப்பறம் என்னா ஆனாங்க சார்?" என்று தைப்பிங்கிலிருந்தும் கூலிமிலிருந்தும் போன் மேல் போன். மேலதிகாரியே கூப்பிட்டுக் கை கொடுத்தார். செப்டம்பரில் எனக்கு அறுபது. அரசாங்க வேலை, அறுபது ஆனால் மைக்கை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்ளலாமா என்று இப்போதுதான் யோசிக்கிறார்கள். கட்டினவள் விமலாவும் பிரிந்து போனதிலிருந்து எனக்கு வீட்டில் பேச ஆள் இல்லை அக்கா. மைக்கும் இல்லையென்றால் நான் யாரோடு பேசுவேன்?

அதனால் வருகிற சனிக்கிழமை இரண்டாம் பாகம். பயப்படாதே, இந்த முறை வீட்டு நம்பர்கூட வராது. மச்சானை நல்ல மனுஷராகத்தான் காட்டப்போகிறேன். நான் புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை, எல்லாம் உன் கடிதத்திலேயே இருக்கிறது.

மச்சானைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் செல்லத் தம்பி,
மகேந்திரன்


செமோர்,
18.3.2024

மகேந்திரா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. "உன் கடிதத்திலேயே இருக்கிறது" என்பதைப் படித்ததும் போனை எடுத்தேன். அன்றைக்கு ஆறு தரம், மறுநாள் ஒன்பது தரம் போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. நாடெல்லாம் உன்னைக் கூப்பிடலாம், நான் கூப்பிடக் கூடாது.

சனிக்கிழமை காலை ரேடியோவை நான்தான் அணைத்தேன். உன் மச்சானுக்கு இடது கை மட்டும் கொஞ்சம் வரும். அந்தக் கையால் கட்டிலைத் தட்டு தட்டு என்று தட்டினார். மருமகள் ஷாமினி வந்து, "மாமா கேக்கறாருல்ல அத்தை" என்று போட்டுவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும்?

கேட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். பால் லோரி, பெரட்டில் விழுந்த அடி எல்லாவற்றையும் மறுபடி சொன்னாய். அதற்கும் அவர் வாயோரம் சிரிப்புத்தான், யாரோ ஒருத்தி கதை என்று. அப்புறம் மஞ்சள் காமாலை என்றாய். "இன்னைக்கு வரைக்கும் அந்தப் புருஷன் கீழாநெல்லி பறிச்சுக்கிட்டு நிக்கிறாராம்" என்று சொல்லிவிட்டு மோர் கலக்குகிற சத்தம் வேறு போட்டாய். அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். இவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். வாயைத் திறக்கவில்லை. ஷாமினி அதே கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தாள், குடித்தார். மூன்று நாளாக இதுதான். "அது கட்டுன கதைங்க, நம்ம மகேந்திரன் வாய் உங்களுக்குத் தெரியாதா" என்று காதோரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். கண்ணை மூடிக்கொள்கிறார். என் வார்த்தைக்கு இனி மதிப்பில்லை. ஆனால் அவருக்கு ரேடியோ சொன்னால் வேதம். வானம் வெளுத்துக் கிடந்தாலும் ரேடியோ மழை என்றால் குடை எடுத்துக்கொண்டு போகிற மனுஷர்.

வருகிற சனிக்கிழமை நிகழ்ச்சியில் ஒரே ஒரு வாக்கியம் சொல். அந்த அக்கா கதை என் கற்பனை, நிஜம் இல்லை என்று சொல். அது போதும், அவர் என் பக்கம் திரும்பிவிடுவார். ரேடியோ வாங்கப் பன்னிரண்டு வயதில் என்னை விற்றாய், அதற்கு நான் எதுவும் கேட்கவில்லை. இதைச் செய்.

அக்கா


கோலாலம்பூர்,
25.3.2024

அன்பு அக்காவுக்கு,

போனை எடுக்காதது தப்புத்தான், திட்டு. ஆனால் நீ கேட்பது என்னவென்று யோசித்தாயா? சொல்வதெல்லாம் உண்மைக் கதைகள் என்பதால்தான் என் நிகழ்ச்சிக்கு இவ்வளவு பேர். கதைகளைப் புத்தகமாகப் போடுகிறார்கள், ஜூனில் ஈப்போவில் வெளியீடு. இந்த நேரத்தில் ஒன்றைக் கற்பனை என்று சொன்னால் மற்றதெல்லாம் என்ன என்று கேட்க மாட்டார்களா? பதினொரு வருஷம் போய்விடும். ஒப்பந்தமும் போய்விடும்.

இன்னொன்று, மைக் முன்னால் நான் இதுவரை ஒரு பொய்யும் சொன்னதில்லை அக்கா. நான் வாசித்தால் அது உண்மை என்று சனம் நம்புகிறது. எனக்கு வேறு சொத்து கிடையாது. அதை அழிக்கச் சொல்கிறாய்.

மச்சான் விஷயத்தைப் பெரிதுபடுத்தாதே. அவருக்குத்தான் பேச்சு வராதே, யாரிடம் போய்ச் சொல்லப்போகிறார்? நாலு நாளில் மறந்துவிடுவார். ரேடியோவை வேறு அறையில் வை. கஞ்சி யார் கையால் இறங்கினால் என்ன, இறங்கினால் சரிதானே.

அன்புடன்,
மகேந்திரன்


செமோர்,
1.4.2024

மகேந்திரன் சாருக்கு,

நேயர் மங்களம் எழுதுவது. தம்பி என்று கேட்டால் நடக்கவில்லை, நேயராகவே கேட்கிறேன். இப்போது அவர் யார் கையாலும் எதுவும் குடிப்பதில்லை. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. டாக்டர் வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் கேட்ட பாட்டைப் போடுகிறீர்கள். எனக்கு ஒரு வாக்கியம் போடுங்கள். சனிக்கிழமை காலை ரேடியோவை அவர் காதோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மங்களம், செமோர்


கோலாலம்பூர்,
8.4.2024

அன்பு அக்காவுக்கு,

சார் என்றெல்லாம் எழுதி என்னைக் கொல்லாதே. சொல்லத்தான் நினைத்தேன், சத்தியமாக. கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், நேயர் ஒருவர் இழுத்துக்கொண்டே போனார், செய்தி நேரம் வந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்திருப்பாய், உனக்கே தெரிந்திருக்கும்.

ஒரு நல்ல செய்தி. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, இரண்டு வருஷம்! ஆள் பற்றாமல் என் தலையில் எல்லாவற்றையும் கட்டுகிறார்கள். இந்த மாதம் ஞாயிறு காலை எட்டு மணி மரண அறிவித்தல்கூட நான்தான் வாசிக்கிறேன். கிழவனுக்கு ஏற்ற வேலை என்று ஆபீஸ் பிள்ளைகளுக்குக் கேலி.

புத்தகத்தை யாருக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறேன் தெரியுமா? "பால் லோரியில் போன என் அக்காவுக்கு." அச்சுக்குப் போய்விட்டது. வெளியீட்டுக்கு நீ முதல் வரிசையில் உட்கார வேண்டும்.

உன் தம்பி,
மகேந்திரன்


கோலாலம்பூர்,
22.4.2024

அக்கா,

ஏன் இப்படிச் செய்தாய்?

நேற்றுக் காலை ஒன்பது அறிவித்தல்கள். நாலாவது காகிதத்தை எடுத்தேன். வாசிக்கிறபோது எங்களுக்குக் கண் ஒரு வரி முன்னால் போகும், வாய் பின்னால் வரும். "செமோரைச் சேர்ந்த திரு பத்துமலை, வயது எழுபத்திரண்டு, கடந்த வெள்ளிக்கிழமை காலமானார். நல்லுடல் சனிக்கிழமை தகனம் செய்யப்பட்டது. அன்னார், உடன்பிறந்தார் எவருமில்லாத மங்களத்தின் அன்புக் கணவரும், தேவனின் தந்தையும், ஷாமினியின் மாமனாரும் ஆவார்." மச்சான் போய்விட்டார் என்பதை என் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வரவில்லை. எழுதிக் கொடுத்ததை எழுதிய மாதிரியே வாசித்துப் பழகிய வாய் அக்கா. ஆழ்ந்த அனுதாபங்கள் என்று சொல்லிவிட்டு ஐந்தாவதற்குப் போய்விட்டேன். அதை முடித்துவிட்டுத்தான் மைக்கை விட்டு எழுந்தேன். மீதியை வேறு ஒரு பெண் வந்து வாசித்தாள்.

ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? கொள்ளி வைக்கிற நேரத்துக்காவது வந்து நின்றிருப்பேனே. நான் செத்துவிட்டேனா? அம்மா வயிற்றில் நாம் இரண்டு பேர்தானே.

சரி, என் மேல் உனக்குக் கோபம். அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பதினாறாம் நாள் பிறந்த வீட்டுக் கோடி நான்தானே போட வேண்டும்? தம்பி இருக்கும்போது கோடி இல்லாமல் சபையில் எப்படி உட்காருவாய்? மே நாலாம் தேதி சனிக்கிழமை வருகிறது, நிகழ்ச்சியை விட்டுவிட்டு வருகிறேன். புடவை எடுத்து வைத்துவிட்டேன். வா என்று ஒரு வரி எழுது அக்கா, உன் காலில் விழுகிறேன்.

மகேந்திரன்


செமோர்,
26.4.2024

அறிவிப்பாளர் மகேந்திரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் போனார். கடைசி வாய்த் தண்ணீர் ஷாமினி விட்டாள். நான் விடப் போனபோது பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த உடம்பில் அதற்கு எங்கிருந்து பலம் வந்தது என்று தெரியவில்லை. நாற்பத்தாறு வருஷம் அவரோடு வாழ்ந்தேன். சுவரைப் பார்த்தபடியே போய்விட்டார்.

அறிவித்தலை எழுதியது நான்தான். "மகேந்திரன் மாமா பேர விட்டுட்டியேம்மா" என்று தேவன் கேட்டான். "விடலடா, நல்லா படிச்சுப் பாரு" என்று கையில் கொடுத்தேன். படித்துவிட்டுக் கொண்டுபோய் அனுப்பினான். ஞாயிறு காலை எட்டு மணிக்கு நீங்கள்தான் வாசிப்பீர்கள் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். தடுமாறாமல் வாசித்தீர்கள். நல்ல குரல், எப்போதும் அதைச் சொல்வேன்.

மைக் முன்னால் நீங்கள் பொய் சொல்வதில்லை. எனக்கு உடன்பிறந்தார் இல்லை என்பதை நாடு பூராவும் கேட்டுவிட்டது. துளசி போன் அடித்து, "அப்ப அந்த அக்கா நீங்க இல்லியா? உங்களுக்குத்தான் கூடப் பொறந்தவங்களே இல்லியே லா" என்று மன்னிப்புக் கேட்டாள். நீங்கள் வாசித்த ஒரு வாக்கியத்தில் ஊர் வாய் அடைபட்டுவிட்டது. இவர் போவதற்கு முன்னால் காதில் இதே மாதிரி ஒன்று விழுந்திருந்தால் எனக்கும் போதும். உங்களால் முடியாத காரியம் இல்லை என்பதை இப்போது நீங்களும் தெரிந்துகொண்டிருப்பீர்கள். சாகிற வரைக்கும் அதை நினைத்துக்கொண்டிருங்கள், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பதினாறாம் நாள் சபையில் கோடி இல்லாமல்தான் உட்காருவேன். புடவையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மீறி வந்தால் வாசலில் தேவன் நிற்பான். "யாரு நீங்க?" என்று கேட்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பத்துமலை மனைவி மங்களம்