மழையைக் கேட்காத அறை

என் பிரியமுள்ள மதினிக்கு,

அங்கே இன்றைக்கு என்ன குழம்பு? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வரி எழுதுவதும், எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதுமாக இருக்கிறேன்.

நீங்கள் உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போனபின் உங்கள் வைத்திய அறையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சுளுக்கு, தோள் இறுக்கம், இடுப்புப் பிடிப்பு என்று பொம்பளைகள் இன்னமும் வருகிறார்கள். எண்ணெய் தடவவும் ஒத்தடம் கொடுக்கவும் என் கைக்குத் தெரியும். ஆனால் நீங்கள் தொட்டால் இளகிய உடம்பு, நான் தொட்டால் விறைக்கிறது. என் கையில் என்ன முள்ளா இருக்கிறது மதினி?

அறையில் ஒன்றையும் மாற்றவில்லை. வாசலில் அதே பச்சைத் திரை. கட்டிலில் நீங்கள் தைத்த மெத்தை. மூலையில் கரியடுப்பு, அதன்மேல் நொச்சி இலை போட்ட வெந்நீர். தெருவுக்குக் கரண்டு வந்துவிட்டது. அண்ணன் இந்த அறைக்கும் பல்பு போடலாம் என்றார். மல்லாந்து படுக்கிறவள் கண்ணைக் குத்தும், வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டு உங்கள் சிம்னி விளக்கையே வைத்திருக்கிறேன். பிறகும் ஏன் இப்படி?

நாகலாபுரத்துச் செல்லத்தாயை ஞாபகம் இருக்கிறதா? கழுத்து வலிக்கு உங்களிடம் வந்தாளே, சிரித்தால் தெருக்கோடி வரை கேட்குமே, அவள்தான். மாட்டுவண்டியிலிருந்து விழுந்து வலது தோள் இறுகிப்போய் வந்தாள். எலும்பு முறியவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் கை நெஞ்சுக்கு மேலே வரமாட்டேன் என்கிறது. கைப்பிள்ளைக்காரி வேறு. "எம்புள்ள என்னையப் பாத்துக் கை நீட்டவே மாட்டேங்குதுக்கா. மாமியாட்டதான் போவுது" என்று சொல்லி அழுதாள்.

வருகிறபோதெல்லாம் அவளைப் படுக்க வைத்து, எண்ணெயைச் சூடு பார்த்து, பேச்சுக் கொடுப்பேன். "ஊர்ல மழை உண்டா?" நம் கரிசல்காட்டில் வேறு என்ன கேட்பது? எதிரில் வருகிற எல்லோரிடமும் அதைத்தானே கேட்கிறோம்? "எங்க... ஒரு சொட்டு இல்லக்கா" என்று பெருமூச்சு விடுவாள். அவ்வளவுதான், தோள் கல்லாகிவிடும். எண்ணெய் சரியில்லையோ, சூடு போதவில்லையோ என்று நான் கிடந்து தவிப்பேன்.

நேற்று வந்தவள் படுக்காமல் நின்றாள். "இதான் கடேசிக்கா. இன்னைக்கும் கையத் தூக்க முடியலேன்னா இனி வரமாட்டேன். நம்ம கெதி இதான்னு கெடந்துருதேன்."

எப்படியோ சமாதானம் சொல்லிப் படுக்க வைத்தேன். பதற்றத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல், "விளாத்திகுளம் பக்கமாவது மேகம் கூடுதா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

வெடித்துவிட்டாள். "ஏக்கா, ஒங்களுக்கு வேற பேச்சே கெடையாதா? அந்த வெசனத்தைக் கொஞ்ச நேரம் மறந்து கெடப்போம்னுதானே இங்கன வாரேன். அந்த அக்கா ஒருநாளாவது மழையக் கேட்டிருப்பாவளா?"

"வேற என்னத்தக் கேப்பாவ?"

"இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேப்பாவ."

மதினி! திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு உங்களை எவ்வளவு கேலி செய்திருப்பேன். "மதினிக்கு எந்நேரமும் சோத்து நெனப்புதான்" என்பேன். நீங்களும், "ஆமா, ஒங்க அண்ணன் என்னையப் பட்டினில்லா போடுதாவ" என்று சிரிப்பீர்கள். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான்தான் கேட்டிருப்பேனா?

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஏட்டி, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்புக்கா. நேத்து வச்சது. இன்னைக்குத்தான் ருசி."

அவள் குரலே மாறிவிட்டது. கத்திரிக்காய் போட்டாளாம், புளி கொஞ்சம் தூக்கலாம், மாமியார் ரெண்டு தடவை கேட்டு வாங்கினாளாம். அவள் சொல்லச் சொல்ல என் உள்ளங்கைக்குக் கீழே தோள் இளகியது. உட்கார வைத்து ஒத்தடம் கொடுத்தபடியே, "பூனை தின்னுறாதா? எங்க வச்சிட்டு வந்தே?" என்றேன்.

"உறியிலதான். அந்தா, அம்புட்டு ஒயரத்துல" என்று காட்டினாள்.

வலது கையால் காட்டினாள். கை காதைத் தாண்டிப் போய் நின்றது.

அவள் கவனிக்கவில்லை. அப்புறம் அவளே அண்ணாந்து தன் கையைப் பார்த்தாள். "எக்கா..." என்றாள். ரெண்டு பேரும் அழுதோம்.

பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பிள்ளை கை நீட்டியதா? இவள் தூக்கினாளா? வழியில் மறுபடியும் பிடித்துக்கொண்டதா? செவ்வாய்க்கிழமை வந்தால்தான் தெரியும். அதுவரை எனக்கு உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது.

ஒன்று மட்டும் உறுதி மதினி. இனி அந்தத் திரைக்கு உள்ளே, இடியே இடித்தாலும் என் வாயிலிருந்து மழைப் பேச்சு வராது. உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் இந்த வரியை மட்டும் அறையை விட்டு வெளியே வாசலுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்: நம் பக்கம் இன்னும் மழை இல்லை.

இன்றைக்குப் புளிக்குழம்பு வைத்திருக்கும்
உங்கள் நாத்தனார்,
ராஜாமணி