ஆத்தா வாய் திறக்காத காட்சி

12-3-1946, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டதும் பால்பாண்டி ஆள் அனுப்பியிருந்தார். ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்து, "சுருளி வாத்தியாரே, உங்க கதையைப் படமா எடுக்கிறேன். கோயமுத்தூர்ல ஸ்டூடியோ பேசியாச்சு" என்றார். ஏலக்காய் வியாபாரிக்கு சினிமா ஆசை. வீட்டுக்கு வந்து பவுனுவிடம் சொன்னேன். "நல்லதுதான், மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். பொண்டாட்டிக்கே அவ்வளவுதான். எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

19-3-1946

சென்சாருக்காகக் கதையைப் பாளையக்காரர் காலத்துக்குத் தள்ளிவிட்டேன். இருநூறு வருஷம். ஆனால் நடந்தது முப்பத்திரண்டில், எங்கள் வாசலில்.

கள்ளுக்கடை மறியலுக்குப் போன அண்ணன் ஒச்சாண்டியைப் போலீஸ்காரர்கள் அடித்தே கொன்று, மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். மறியலில் நானும் இருந்தேன். என்னையும் தேடினார்கள். நான் வைக்கோல் படப்புக்குள் ஒளிந்து இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு எதுவும் காதில் விழாத தூரம். ஆத்தா வெளியே வந்தாள். முந்தானையால் அவன் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள். அழவில்லை. மாரில் ஒரு அடிகூட அடித்துக்கொள்ளவில்லை.

அதைத்தான் எழுதியிருக்கிறேன். படம் முழுக்கப் பேச்சே இல்லாத ஒரே காட்சி. அன்றிலிருந்து எனக்கும் அழுகை வந்ததில்லை. ஆத்தாவைப் போலவே இருக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம் உண்டு.

7-5-1946

டைரக்டர் கம்பத்துக்கு வந்திருந்தார். மதராஸ்காரர், ஒல்லியான ஆள். "இந்த ஒரு சீனுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன் சார். சரித்திரப் படம்னா ராஜா கத்துறான், மந்திரி கத்துறான், வாள் குத்து வாங்கினவன்கூடப் பத்து நிமிஷம் பாடிட்டுத்தான் சாகிறான். நடிக்கிறவளே அழுது தீர்த்துட்டா, பார்க்கிறவன் எதுக்கு அழணும்?"

இத்தனை வருஷம் எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்ததை அவர் சொல்லிவிட்டார்.

பால்பாண்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பெத்தவ முன்னால புள்ள பொணமாக் கெடக்கான். அவ சும்மா நிப்பாளா? நம்ம பக்கத்துப் பொம்பளைக நம்புவாகளா? கொட்டகையைப் பிரிச்சிருவாக வாத்தியாரே. ஒரு பாட்டு வைங்க."

பாட்டு வைத்தால் என் பேரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

20-8-1946

டைரக்டர் கடிதம். காட்சி எடுத்தாயிற்றாம், ஒரு சொல் இல்லாமல். விளக்குப் பிடித்தவன் கண்ணைத் துடைத்தானாம். ஆத்தாவிடம் சொல்லவில்லை. அண்ணன் பேச்சு இந்த வீட்டில் கிடையாது.

3-10-1946

டைரக்டருக்கும் பால்பாண்டிக்கும் தகராறு. டைரக்டர் போய்விட்டார். காட்சியின் வாலில் ஒப்பாரிப் பாட்டு ஒன்றை ஒட்டிவிட்டார்களாம். ஏழு நிமிஷம்! பேரை எடுத்துவிடவும் என்று கார்டு போட்டேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

18-1-1947

படம் கம்பம் டூரிங் கொட்டகைக்கு வந்துவிட்டது. பவுனு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே. "நீ எழுதுன கதையாம்ல. நான் பார்க்க வேணாமா?" என்கிறாள் ஆத்தா. நாளைக்கு முதல் ஆட்டம்.

19-1-1947, ஞாயிறு

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெண்கள், மணலில் ஆத்தாவும் பவுனும். இந்தப் பக்கம் நான். காட்சி வந்தது. படத்துத் தாய் வந்தாள், மண்ணைத் துடைத்தாள், நின்றாள். நான் பார்த்தது அப்படியே. கொட்டகையில் ஒரு இருமல் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பிறகு பாட்டு. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். பாட்டுக்கு நடுவில் இன்னொரு குரல் - படத்தில் இருந்தா? இல்லை.

"ஏலே ஒச்சாண்டி! ஏ ராசா! ஒன்னயப் போட்டுட்டு ஆத்தா வாயப் பொத்திக்கிட்டு நின்னேனே!"

ஆத்தா எந்திரிச்சு நின்னு மாருல அடிக்கிறா. சுத்தி இருந்த பொம்பளைக எல்லாம் எந்திரிச்சு அவ கழுத்தக் கட்டிக்கிட்டாக. யாரு என்னன்னு ஒருத்தியும் கேக்கல. கட்டிக்கிட்டு அழுதாக. படம் பாட்டுக்கு ஓடுது. நான் எந்திரிக்கல. ஏன் எந்திரிக்கல?

20-1-1947

ஆத்தாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டேன், அன்றைக்கு எப்படி அழாமல் நின்றாய் என்று.

"வாசல்ல கால வைக்கையிலேயே போலீஸ்காரன் ஒருத்தன் கிட்ட வந்து சொன்னான். சத்தம் கேட்டுச்சுன்னா சின்னவனையும் தேடிப் பிடிச்சு இதே வண்டியில ஏத்திருவோம்னு. நீ படப்புக்குள்ள இருக்கது எனக்குத் தெரியும். நான் கத்துனா நீ பொறுக்க மாட்டாம ஓடியாந்துருவ. பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் ஒரு பொம்பளையத் துட்டி கேக்க, கட்டிப் பிடிச்சு அழுக, உள்ள விட்டாகளா? அழுகாமலே பொதைச்சோம்."

ஆத்தா ஒரு மடக்குக் குடித்தாள்.

"அந்தக் கொட்டகையில அவ சும்மா நின்னாள்ல, எனக்கு மூச்சு முட்டிப்போச்சு. அது நீ எழுதுனதா?"

"ஆமாத்தா."

"என்னன்னு நெனச்சு எழுதுன?"

"பெருமைன்னு."

"பயம்டா அது." சுக்குத் தண்ணீரைக் குடித்து முடித்தாள். "ஒனக்கு அழுக வரலைன்னா விடு. அதப் போயிப் பெருமைன்னு எழுதாத."

21-1-1947

பள்ளிக்கூடம் போகவில்லை.

டைரக்டர் சொன்னது பொய்யில்லை. அந்த மௌனத்தில் கொட்டகை அடங்கித்தான் போனது. பார்க்கிறவனுக்கு அது பெரிய காட்சி. அங்கே நின்றவளுக்கு? எனக்காக அவள் முழுங்கியதை எடுத்து நான் ஊருக்குக் காட்டியிருக்கிறேன், அடக்கம் என்று பேர் வைத்து. ச்சீ.

2-2-1947, ஞாயிறு

கொட்டகைச் சேதி பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியிருக்கிறது. காலையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கூடலூரிலிருந்து சித்தி வீட்டார், ஓடைப்பட்டியிலிருந்து மதினிமார், யாரென்றே தெரியாதவர்களும். பதினைந்து வருஷம் கழித்துத் துட்டி. பெண்கள் தெருமுனையிலேயே அழுகையைத் தொடங்கி வாசலுக்கு வருகிறார்கள். ஆத்தா ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொள்கிறாள்.

ஆண்கள் வழக்கப்படி என் கையைத் தொட்டுவிட்டுப் பேசாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். மரத்துப்போன கை.

மத்தியானம் பால்பாண்டி வந்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையைக் கொடுத்தார்.

"விடுங்க வாத்தியாரே, பின்னால ஆளுக நிக்கிறாக" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

விட முடியவில்லை. பவுனு வந்துதான் என் விரல்களைப் பிரித்துவிட்டாள்.