மாப்பிள்ளைக்குக் கடைக்கோழி

செவ்வாய், ராத்திரி.

கோபம் இன்னும் அடங்கவில்லை. நாளை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். அதனால் இன்றைக்கே கறி விருந்து சாப்பிட நாத்தனாரும் அவள் புருஷனும் உறுவையாற்றிலிருந்து வந்தார்கள். "மாப்ளைக்கு நம்ம சேவல அறுத்துடு" என்று மாமியார் காலையிலேயே சொல்லிவிட்டார்.

சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் முடிந்து நான் வரும்போது விளக்கு வைத்தாகிவிடும். அது முற்றிய சேவல். பக்கத்து வீட்டு நாயையே துரத்துகிற ஜாதி. அதைப் பிடிப்பது எப்போது, வேகவைப்பது எப்போது? வில்லியனூரில் இறங்கி பிராய்லர் கோழி வாங்கினேன். வெங்காயம், தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள் போட்டு அரைமணியில் இறக்கினேன்.

மாப்பிள்ளை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். எலும்பைக்கூட விடவில்லை. கை கழுவத் தோட்டத்துக்குப் போனவர் அங்கிருந்தே கத்தினார்.

"இன்னா மாமி, சேவல் மரத்துமேல குந்திகினு கீது! அப்ப நான் துன்னது இன்னா?"

"கடைக்கோழிண்ணா" என்றேன்.

"எனுக்குக் கடைக்கோழியா?" என்று நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"இனிமே ஈஸ்டர் வரிக்கும் கறி கெடையாது. இந்தக் கொறைய எப்பிடிடி தீப்ப?" என்று மாமியார் பிடித்துக்கொண்டார்.

என் புருஷன் அதற்கு மேல். "நீ கம்பெனிக்குப் போறதாலதான் இந்த மானக்கேடு. வேலைய வுட்டுடு."

பகல் முழுக்க வீட்டிலிருந்த இரண்டு பேருக்கும் சேவலை அறுக்கக் கை இல்லையா? சட்டியில் எனக்கு ஒரு துண்டுகூட மிச்சமில்லை.

காலை பஸ்ஸுக்குப் புடவையை எடுத்து வைத்துவிட்டேன். வேலையை விடமாட்டேன்.